ஒரு குறளுக்கு 45 பைட்

கம்பைலர் என்னும் சொல்லுக்குத் தமிழில் தொகுப்பி என்றும் நிரல்பெயர்ப்பி என்றும் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. எது பொருத்தம் என்று கணித்தமிழ் ஆர்வலர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். இலக்கணம் படித்த எங்களைப் போன்றோருக்கு இவ்விரு சொற்களும் தொல்காப்பிய மரபியலை நினைவூட்டுகின்றன. அங்கே வழிநூல் நான்கு வகை: விரிந்ததைத் தொகுப்பது, தொகுத்ததை விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, வேற்றுமொழி நூலைப் பெயர்த்துச் செய்வது. மனிதர் எழுதிய சி மொழி நிரலை எந்திரத்தின் எண்களாக மாற்றித் தரும் மென்பொருள் இந்த நான்கையும் ஒருங்கே செய்கிறது. இன்றைய பெரிய கணிப்பொறிகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. இடம் தாராளமாக இருக்கிறது. சிறிய, பழைய கருவிகளில்தான் பெயர்ப்பாளரின் தரம் ஒவ்வொரு பைட்டிலும் தெரியவருகிறது.

தமிழ்த்துறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் கல்லூரி நூலக வாயிலில் ஒரு குறள் பலகை இருந்தது. சிவப்பு மின்விளக்குப் புள்ளிகளால் ஆனது. நெடுக்கில் 16 புள்ளி, கிடையில் 64 புள்ளி. கல்வி, கேள்வி, இனியவை கூறல், வாய்மை, கள்ளாமை ஆகிய ஐந்து அதிகாரங்களின் 50 குறட்பாக்கள் அதில் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருக்கும். மின்னணுவியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்த ஒருவர் தம் கைப்பட இணைத்துச் செய்தது அது. சீர் எங்கே பிரிகிறது, எந்த இடத்தில் கூடுதல் இடைவெளி விடவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் பலமுறை எங்கள் துறைக்கு வந்திருக்கிறார். வகையுளி வந்த இடங்களில் பொருள் நோக்கிப் பிரிப்பதா, ஓசை நோக்கிப் பிரிப்பதா என்று எங்களுடன் அவர் வாதிட்டதுண்டு. பணி ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகளில் காலமானார். அடுத்து வந்த ஒரு மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறிப் பலகை அணைந்துபோயிற்று.

பலகையின் பின்புறம் திறந்து பார்த்தபோது விளக்குகளும் பிற சுற்றுகளும் நன்றாகவே இருந்தன. நடுவில் இருந்த 40 கால் சில்லு மட்டும் கெட்டிருந்தது. அது ஏ.டி.89எஸ்52 என்னும் வகை. இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051 குடும்பத்தைச் சேர்ந்தது. அதனுள் இருக்கும் நிரலையாவது படித்தெடுக்கலாம் என்றால், அவர் அதைப் பூட்டி வைத்திருந்தார். இவ்வகைச் சில்லுகளில் பூட்டு பிட்டுகளை இட்டுவிட்டால் உள்ளிருப்பதை வெளியே படிக்க முடியாது. அவருடைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அதில் பென்சிலால் எழுதிய அசெம்பிளி நிரல் பாதிக்கு மேல் இல்லை. பலகையைப் பழைய பொருள் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று நிர்வாகம் கருதியது. மின்னணுவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இதைத் தம் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ள முன்வந்தார். குறள் பகுதி எங்கள் பொறுப்பாயிற்று. அந்த ஒரு பருவத்துக்குள் முடிந்தால் பலகை; இல்லையெனில் எடைக்கு எடை.

இன்று சில நூறு ரூபாய்க்கு இதைவிடப் பன்மடங்கு நினைவகம் கொண்ட பலகைகள் கிடைக்கின்றனவே, அதில் ஒன்றை வைத்து முடித்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. எங்களிடமும் கேட்டார்கள். ஆனால் அவர் இழுத்து இணைத்த கம்பிகள் அனைத்தும் அந்த 40 கால்களுக்காகவே அமைந்தவை. 5 வோல்ட்டில் இயங்குபவை. அதே வகைச் சில்லு இன்றும் கிடைக்கிறது. எங்கள் மின்னணுவியல் பாடத்திட்டத்தில் 8051 இன்றும் இருக்கிறது. சில்லை மட்டும் மாற்றுவதே குறைந்த வேலை. ஆனால் அதில் எழுத வேண்டிய நிரல் எங்களிடம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். இந்தச் சில்லில் நிரலுக்கும் மாறாத் தரவுக்கும் சேர்த்து 8,192 பைட் இடம். தமிழ் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனைக்கும் தனி வடிவம் வேண்டியதில்லை. துணைக்காலும் கொம்புகளும் தனியே இருந்தால் போதும். உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், புள்ளி மெய், இகர ஈகார உகர ஊகார வரிசைகள் என எண்ணினால் ஏறத்தாழ 125 வடிவங்கள். ஒவ்வொன்றும் 16-க்கு 16 புள்ளி, அதாவது 32 பைட். ஆக எழுத்துருவுக்கு மட்டும் 4,000 பைட். குறளில் கிரந்த எழுத்து இல்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம். வள்ளுவர் அவ்வகையில் எங்களுக்கு உதவினார்.

குறளை யுனிகோடு யு.டி.எஃப்-8 முறையில் வைத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். கட்டுப்படியாகாது. ஆகவே ஓர் எழுத்து வடிவுக்கு ஒரு பைட் என்று நாங்களே ஒரு குறியேற்றம் வகுத்தோம். திஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் ஆகியவற்றோடு மல்லாடிய பழைய வாசகர்களுக்கு இந்த முறை புதிதன்று. இடைவெளிகளையும் முடிவுக் குறியையும் சேர்த்து ஒரு குறளுக்குத் தாராளமாக 45 பைட் என்று வைத்துக்கொண்டோம். 50 குறளுக்கு 2,250 பைட். எழுத்துருவையும் குறளையும் கழித்தால் நிரலுக்கு எஞ்சுவது 1,942 பைட். பெயர்ப்பாளர் வளவளவென்று எழுதுபவராக இருந்தால் 45 பைட்டுக்கு ஒரு குறள் வீதம் நாங்கள் இழக்க வேண்டும். எந்தத் தொகுப்பி என்ற கேள்வி எங்களுக்கு எத்தனைக் குறள் என்ற கேள்வியாகவே வந்து நின்றது.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, தொகுப்பியே இல்லாமல் பழைய குறிப்பேட்டைப் பின்பற்றி அசெம்பிளியில் முழுவதையும் எழுதுவது. இடச்சிக்கனத்தில் இதை எதுவும் வெல்லாது. ஆனால் குறிப்பேட்டின் பாதியைப் படித்து முடிப்பதற்கே அந்த மாணவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. எழுதியவர் இல்லாதபோது உரையாசிரியர் வேண்டியிருக்கும் நூல் அது.

இரண்டாவது, கைல் சி51. 8051 உலகில் இதுவே பெரும்புலவர். எங்கள் மாணவர்கள் கையில் இருக்கும் மசிடியின் பாடநூலும் இதன் நடையிலேயே சி நிரல்களைத் தருகிறது. ஆனால் விலையின்றிக் கிடைக்கும் மதிப்பீட்டுப் பதிப்பு 2 கிலோபைட் அளவுக்கு மேல் ஏற்காது. எங்கள் எழுத்துருவே அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. முழு உரிமம் வாங்க ஒரு மாணவர் திட்டப்பணிக்கான தொகை போதாது.

மூன்றாவது வழியை ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பூட்டு உடைத்த பதிப்பு ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், பலரும் அதைத்தான் பயன்படுத்துவதாகவும். மாணவர் எங்களைப் பார்த்தார். "ஐயா, கள்ளாமை அதிகாரத்துல பத்துக் குறளையும் அதுல ஓட்டணுமே?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான்காவது எஸ்.டி.சி.சி. சந்தீப் தத்தா என்பவர் தொடங்கிப் பின்னர் பலரும் சேர்ந்து வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள். 8051 மட்டுமின்றி இசட்80, எஸ்.டி.எம்8 முதலிய சிறு சில்லுகளுக்கும் அது பெயர்த்துத் தருகிறது. அளவு வரம்பு கிடையாது, விலையும் கிடையாது. ஆனால் கைல் அளவுக்குச் சுருக்கமாக எழுதுமா என்ற ஐயம் எங்கள் மின்னணுவியல் நண்பருக்கு இருந்தது. அந்த ஐயத்தைப் புரிந்துகொள்ளச் சி மொழியின் பிறப்பையும் 8051-இன் வறுமையையும் சற்று அறிய வேண்டும்.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. அது வளர்ந்த வீடு பி.டி.பி-11 என்னும் சிறுகணினி. எட்டுப் பொதுப் பதிவகங்கள், நினைவகத்தில் விரும்பிய அளவு வளரக்கூடிய அடுக்கு, எங்கும் செல்லும் ஒரேவகை முகவரி என வசதியான வீடு. ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போது தனக்கு வேண்டிய தற்காலிக மாறிகளை அடுக்கின்மேல் வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பும். இந்தப் பழக்கம் சி மொழியின் இயல்பிலேயே ஊறிவிட்டது.

8051-இல் இந்த வசதிகள் இல்லை. மூலச் சில்லில் உள் நினைவகம் 128 பைட். எங்கள் சில்லில் 256. அதற்குள்தான் பதிவகங்களும் மாறிகளும் அடுக்கும் குடித்தனம் செய்ய வேண்டும். அடுக்கின் நடுவில் இருப்பதை நேராகத் தொட்டெடுக்கும் ஆணையும் இல்லை. நினைவகமோ ஒன்றல்ல: ஆணைகளுக்கு ஒன்று, உள் தரவுக்கு ஒன்று, வெளித் தரவுக்கு ஒன்று. ஒரே எண் மூன்று இடங்களில் மூன்று வேறு பொருளைக் குறிக்கும். பலபொருள் ஒருசொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே இந்தச் சில்லுக்குப் பெயர்ப்பவர் மூலத்துக்கு முழு விசுவாசமாக இருக்க முடியாது. கைலும் எஸ்.டி.சி.சியும் தாமாகவே ஒரு மாற்றம் செய்கின்றன: தற்காலிக மாறிகளை அடுக்கில் வைக்காமல் நிலையான முகவரிகளில் வைத்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் இயங்காத இரு செயற்கூறுகளுக்கு ஒரே இடத்தை மாற்றி மாற்றித் தருகின்றன. ஒரு விடுதி அறையில் பகல்முறைக்காரரும் இரவுமுறைக்காரரும் தங்குவதுபோல. இதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. கைலின் இணைப்பி நிரல் முழுவதையும் பார்த்து, யார் யாரை அழைக்கிறார் என்று கிளை வரைந்து, அதன்படி இடத்தைப் பங்கிடும். எஸ்.டி.சி.சி பிறரை அழைக்காத கடைக்கிளைச் செயற்கூறுகளுக்கு மட்டுமே இடத்தைப் பகிரும். ஆகவே அதில் நினைவகம் சற்று அதிகம் செலவாகும். கைல் மேலானது என்று நண்பர் சொன்னதில் பொருள் உண்டு.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருவரிடமும் உண்டு. ஒரு செயற்கூறு தன்னையே அழைத்தால், அல்லது பாதி வேலையில் இருக்கும்போது குறுக்கீடு வந்து அதே செயற்கூறை மீண்டும் அழைத்தால், முதல் அழைப்பின் மாறிகள் அழிந்துபோகும். எங்கள் பலகையிலும் இதைக் கண்டோம். நகரும் குறளில் அவ்வப்போது ஓர் எழுத்துச் சிதைந்து வரும். அடுத்த முறை அதே குறள் செம்மையாக வரும். பாடபேதம் என்று சொல்லிச் சிரித்தோம். நான்கு நாள் கழித்து மாணவர் காரணத்தைப் பிடித்தார். எழுத்துருவிலிருந்து ஒரு வரிசையை எடுத்துத் தரும் செயற்கூறை முதன்மை நிரலும் அழைத்தது, விளக்குகளைப் புதுப்பிக்கும் குறுக்கீடும் அழைத்தது. இத்தகைய இடத்தில் கைலின் இணைப்பி எச்சரிக்கை தரும். எஸ்.டி.சி.சியில் அந்த எச்சரிக்கை கையேட்டில் இருக்கிறது. மறுஅழைப்புக்கு உரியது என்று அந்தச் செயற்கூறை மட்டும் குறித்து அடுக்குக்கு மாற்றலாம். அது பைட்டுகளைத் தின்னும். மாணவர் செய்தது வேறு. குறுக்கீடு எந்தச் செயற்கூறையும் அழைக்காமல், முன்னரே ஆயத்தமான புள்ளிகளை மட்டும் வெளியே தள்ளுமாறு நிரலை மாற்றியமைத்தார். திரைக்கான 128 பைட்டும் உள் நினைவகத்தின் மேல் பாதியில் கச்சிதமாக அமர்ந்தன. 64-ஐ 16-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 128. பழையவர் பலகையை இந்த அளவில் செய்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் பதிப்பாசிரியர் வேலை. சி மொழியின் முழுஎண் இங்கே 16 பிட்; சில்லோ 8 பிட். 255-க்குள் அடங்கும் எண்ணுக்கெல்லாம் குறியற்ற ஒற்றை பைட்டைப் பயன்படுத்தியதும் நிரல் மெலிந்தது. எந்த நினைவகம் என்று சொல்லாமல் சுட்டு ஒன்றை அறிவித்தால் அது 3 பைட் ஆகும். எந்த நினைவகம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டறிய ஒரு துணைநிரலும் கூடவே வரும். ஆணை நினைவகச் சுட்டு என்று தெளிவாக எழுதினால் 2 பைட் போதும். அச்சிடும் பொதுச் செயற்கூறான பிரிண்ட்எஃப் ஒன்றே ஆயிரம் பைட்டைத் தாண்டக்கூடியது. அதைத் தொடவே இல்லை. மொத்த இடம் 8,192 என்று தொகுப்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், மீறியபோதெல்லாம் அது மறுத்துச் சொன்னது. தொகுப்பிகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட, சில்லை அறிந்து எழுதிய நிரலுக்கும் அறியாமல் எழுதிய நிரலுக்கும் இடையே இருந்த வேறுபாடே பெரிது என்பதை அந்த வாரங்களில் கண்டோம்.

இதே கதை பிற பழைய எந்திரங்களிலும் உண்டு. 1975-இல் வந்த 6502-இன் அடுக்கு 256 பைட்தான். சிசி65 என்னும் தொகுப்பி வேறோர் அடுக்கை மென்பொருளாலேயே உருவாக்கிக்கொள்கிறது. அதனால் நிதானமாக ஓடும். எல்.எல்.வி.எம்-மாஸ் என்னும் புதிய முயற்சி, தன்னைத்தானே அழைக்காத செயற்கூறுகளுக்கு நிலையான இடம் தந்து அந்தச் சுமையைத் தவிர்க்கிறது. இசட்80 எந்திரங்களுக்கு இசட்88டிகே இருக்கிறது. அதன் ஒரு கிளை, 1980-இல் ரான் கெய்ன் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழில் வெளியிட்ட ஸ்மால்-சியின் வழிநூல். பழைய டாஸ் கணிப்பொறிகளுக்கு ஓப்பன் வாட்காம். நம் ஊர்க் கல்லூரிகளில் பல தலைமுறைக்குச் சி மொழியென்றால் டர்போ சியின் நீலத்திரைதான். 1987-இல் வந்த அந்தத் தொகுப்பி உண்மையான பழைய கணிப்பொறி ஒன்றில் இன்றும் நன்றாகவே வேலை செய்யும்.

இவற்றில் எதைத் தேர்வது என்று கேட்போருக்கு எங்கள் அனுபவத்தில் சொல்லக்கூடியது சிறிது. உங்கள் எந்திரத்தில் அடுக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தொகுப்பி அந்த வறுமையை எப்படிச் சமாளிக்கிறது என்று அதன் கையேட்டில் தேடுங்கள்; கையேடு அதைப் பற்றி வாய்திறக்காவிட்டால் அந்தத் தொகுப்பி வேண்டாம். உங்கள் நிரலில் மிகச் சிறிய ஒரு பகுதியை இரண்டில் பெயர்த்து, வெளிவரும் அசெம்பிளியை அருகருகே வைத்துப் படியுங்கள். மூலத்தையும் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிடுவதைவிட அது கடினமன்று.

கடைசியாக, உங்களுக்குப் பின் வருபவர் அந்தத் தொகுப்பியைப் பெற முடியுமா என்று பாருங்கள். எங்கள் தேர்வை முடிவு செய்தது இந்தக் கேள்விதான். இரண்டு தொகுப்பிகளும் ஒரே சி மொழியைப் பேசுவதாகச் சொல்கின்றன. ஆனால் சில்லின் ஒரு காலுக்குப் பெயரிடுவது, குறுக்கீட்டை அறிவிப்பது, நினைவகத்தைக் குறிப்பது எல்லாம் இரண்டிலும் வேறு வேறு. ஒன்றில் எழுதியதை மற்றொன்று அப்படியே ஏற்காது. அதே எஸ்.டி.சி.சியிலும் முன்பு வெறுமனே எழுதிய சிறப்புச் சொற்களுக்கு இன்று முன்னால் இரட்டை அடிக்கோடு வேண்டும். ஏடு கிடைத்தாலும் எழுத்து மாறிப்போன கதை இங்கும் நடக்கிறது. ஆகவே மூலநிரலோடு அதைப் பெயர்த்த எஸ்.டி.சி.சி பதிப்பையும் சேர்த்தே குறுவட்டிலும் நூலகக் கணிப்பொறியிலும் வைத்தோம். அப்படிப் பிரதியெடுத்து வைக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் கட்டற்ற உரிமம் அனுமதிக்கிறது. நிரலின் விளக்கக் குறிப்புகள் அனைத்தையும் மாணவர் தமிழிலேயே எழுதினார்.

பருவம் முடிவதற்குப் பதினோரு நாள் முன்பு பலகை எரிந்தது. 50 குறளும் இருந்தன. ஐம்பது பைட்டுக்குச் சற்று மேல் மிச்சமும் இருந்தது. இன்னொரு குறள் சேர்க்கலாம் என்று மாணவர் சொன்னபோது எங்கள் துறையில் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. பலகை செய்தவரின் பெயரை அந்த இடத்தில் ஓடவிடலாம் என்றார் மாணவர். ஐந்து அதிகாரமும் வைத்துத் தம் பெயரை வைக்காதவர் அதை விரும்பமாட்டார் என்றனர் மூத்தவர்கள். முடிவில் 51-ஆவதாகச் செய்ந்நன்றி அறிதலிலிருந்து ஒன்று சேர்ந்தது. அவர் பெயர் மூலநிரலின் முதல் வரியில் விளக்கக் குறிப்பாக இருக்கிறது. விளக்கக் குறிப்புகளைத் தொகுப்பி சில்லுக்குக் கொண்டு செல்வதில்லை. அதற்கு ஒரு பைட்டும் செலவில்லை. அடுத்த முறை பலகை அணையும்போது கோப்பைத் திறப்பவர் முதலில் அதைத்தான் படிப்பார்.